பக்கத்து மருந்துக்கடையை எதற்கெல்லாம் நம்பலாம்?

உங்கள் கேள்வி இது: வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் பிபி, சுகர் பார்ப்பதாகவும், தடுப்பூசி போடுவதாகவும், மருந்து பற்றி ஆலோசனை சொல்வதாகவும் பலகை வைத்திருக்கிறார்கள். அம்மாவை நம்பி அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டுமா? கடைசி வரியில், அம்மா இரண்டு மருத்துவர்களிடம் பார்க்கிறார், ஏழு விதமான மாத்திரை சாப்பிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்மசிஸ்ட். கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். பிபி மிஷின் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஏழு மாத்திரையையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கிற ஆள் கிடைப்பதுதான் அரிது. அந்த வேலைக்குத்தான் பார்மசிஸ்ட் படித்திருக்கிறார். அதனால் பலகையில் இருப்பதைப் பிறகு பார்ப்போம்; முதலில் அதை.

அதற்கும் முன்னால் ஒன்று. மருந்துக்கடையில் நிற்கிற எல்லோரும் பார்மசிஸ்ட் இல்லை. சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துத் தருபவர் நல்ல அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் மருந்து உடம்புக்குள் என்ன செய்யும், எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று முறையாகப் படித்து, பதிவு பெற்றவர் வேறு ஆள். “பார்மசிஸ்டிடம் பேச வேண்டும், இப்போது இருக்கிறாரா?” என்று நேராகக் கேளுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை, கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. அவர் இல்லாத நேரம் என்றால், இருக்கும் நேரம் கேட்டுத் திரும்பப் போங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தப் படித்த ஆள் எதிரில் இருக்கிறார் என்ற கணக்கில்தான்.

சரி, அம்மாவின் மாத்திரைகள். இரண்டு மருத்துவர்கள் எழுதும்போது வருகிற முதல் பிரச்சினை, ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. ஒருவர் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதுவார், இன்னொருவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதுவார். அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். பாராசிட்டமாலில் இது அடிக்கடி நடக்கும். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும், சளி மாத்திரையில் இருக்கும், சில வலி மாத்திரைகளிலும் கலந்திருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் உச்ச அளவு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மூன்று அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறவருக்குத் தான் எல்லையைத் தாண்டுவது தெரியவே தெரியாது. கல்லீரல் கெட்டுப்போகத் தொடங்கும்போதும் முதல் ஒரு நாள் பெரிய அறிகுறி எதுவும் இருக்காது.

இரண்டாவது, தனித்தனியே பார்த்தால் சரியாக இருக்கும் மருந்துகள் சேரும்போது வரும் ஆபத்து. நான் எப்போதும் தேடுகிற ஒரு கூட்டணி உண்டு. பிபிக்காக எனாலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற ஒன்று, கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை. இவை இரண்டும் மருத்துவர் யோசித்து எழுதியவை. மூன்றாவதாக மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் வந்து சேரும். பெரும்பாலும் அது சீட்டில் இருக்காது. கடையில் கேட்டு வாங்கியதாகவோ பக்கத்து வீட்டில் கொடுத்ததாகவோ இருக்கும். மூன்றும் மூன்று வழியில் சிறுநீரகத்துக்கு வேலை வைப்பவை. அதோடு வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பில் நீரும் வற்றினால், வயதானவருக்குச் சில நாட்களிலேயே சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். இதை எழுதிய மருத்துவர்மேல் குற்றம் இல்லை. வலி மாத்திரை விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிகிற வாய்ப்பு மருந்துக்கடையில்தான் அதிகம்.

மூன்றாவது, நேரம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் மறக்காமல் இருக்கட்டும் என்று காலையிலேயே ஒரே வாயில் விழுங்குகிறவர்கள் நிறைய. தைராய்டு அளவு சரியாகவில்லை என்று மருத்துவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். இடைவெளி விட்டிருந்தாலே பழைய அளவு போதுமாக இருந்திருக்கும். அப்புறம், விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதும் போக வேண்டிய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். எதைப் பொடிக்கலாம், எதை உடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்மசிஸ்ட் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். திரவமாகக் கிடைக்கிறதா என்றும் பார்த்துச் சொல்வார்.

ஆகவே, போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற மருந்து முழுவதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாதி தீர்ந்த அட்டை, சொட்டு மருந்து, தைலம், மூலிகைப் பொடி, வைட்டமின், போன வருடத்து மிச்சம், எதையும் விடாமல். எது மருந்து, எது மருந்தில்லை என்று நீங்களே வடிகட்ட வேண்டாம். சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு தெரியாமல் வயதானவரின் மருந்து அளவைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். பார்மசிஸ்ட் ஏதாவது சந்தேகம் சொன்னார் என்பதற்காக, மருத்துவர் எழுதியதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். வலிப்பு மாத்திரை, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் இப்படித்தான். சந்தேகத்தை பார்மசிஸ்டே மருத்துவருக்கு போன் செய்து பேசுவதோ, எழுதிக் கொடுப்பதோதான் முறை.

அடுத்தது, பலகையில் யாரும் எழுதி வைக்காத ஒரு சேவை: மருந்தை எடுக்கும் விதத்தைச் சொல்லித்தருவது. இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் புகைபோல வரும் வகை என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்தபின் பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி வகை என்றால் இதற்கு நேர்மாறு, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர் பழைய பழக்கத்திலேயே இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று சொல்லி வருகிறவர்களை என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு மருந்தில் கோளாறே இருக்காது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும். இன்சுலின் போடுகிறவர் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே தோலடியில் கட்டி விழும், அதன் வழியே மருந்து சீராக ஏறாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. கண்ணுக்கு இரண்டு சொட்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவி வெளியேற்றிவிடும். இதெல்லாம் சின்ன விஷயங்களாகத் தெரியும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய மருந்து வேலை செய்வதும் செய்யாமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அம்மா இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் பார்மசிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட பிபி, சுகர். பிபி பார்ப்பதைத் தாராளமாக நம்பலாம், எடுக்கிற முறை சரியாக இருந்தால். நடந்து வந்த சூட்டோடு நின்றபடியே எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. எடுக்கும்போது பேசக் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் அளவு ஏறும். கை பருமனாக இருந்து பட்டை சிறியதாக இருந்தாலும் இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுப்பவர்தான் சரியாகச் செய்கிறார். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம், வேறு நாட்களிலும் எடுத்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு தடவை எடுத்ததை வைத்து பிபி இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் இருந்தால் கடையில் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைதான்.

சுகருக்கு வேறு கணக்கு. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் தன் அளவைக் கண்காணிக்க நல்லது. நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய அது போதாது. காரணம், அந்தக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரமே 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளுக்கு 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. உண்மையில் 115 இருப்பவருக்கு 128 காட்டினாலும் அந்தக் கருவி தரமானதுதான். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் எல்லைக்கோடு என்கிறபோது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வரும் எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? ஆய்வகத்தில் கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, இனிப்பைத் தொட்ட கையோடு விரலை நீட்டினால் எண் எக்கச்சக்கமாக ஏறும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு நீட்டுங்கள். கடையில் குத்தும் ஊசி உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள்.

தடுப்பூசி கடையில் போடலாமா என்பது நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் விஷயம். அமெரிக்காவில் 2009-க்குள் 50 மாநிலங்களும் பார்மசிஸ்ட் தடுப்பூசி போட அனுமதித்துவிட்டன. வேறு சில நாடுகளில் விற்க மட்டும்தான் முடியும், போட முடியாது. அனுமதியும் பயிற்சியும் இருக்கிற இடத்தில், ஃப்ளூ தடுப்பூசியை மருந்துக்கடையில் போட்டுக்கொள்வதில் மருத்துவமனையைவிடக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: மருந்து குளிர்பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறதா, திடீர் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் ஊசி கைவசம் இருக்கிறதா, போட்டபின் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கிறார்களா. மூன்றுக்கும் ஆம் என்றால் அம்மாவைக் கூட்டிப் போகலாம்.

சின்னச் சின்ன உபாதைகளுக்குக் கடையில் மருந்து கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. இதிலும் சட்டம் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டைவலி, சைனஸ், காதுவலி, கிருமி தொற்றிய பூச்சிக்கடி, இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று என்ற ஏழுக்கும், வயதும் நிலையும் பொருந்தினால், பார்மசிஸ்டே பார்த்து மருந்து தரலாம். அதில் ஆன்டிபயாட்டிக்கும் உண்டு. ஆனால் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்த வழிமுறையைத் தாண்டக் கூடாது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். சளி, ஃப்ளூ வைரஸுக்கு அது எதுவும் செய்யாது.

நல்ல பார்மசிஸ்டை அடையாளம் காண ஒரே வழி, அவர் கேட்கும் கேள்விகள். யாருக்கு மருந்து, என்ன வயது, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து எடுக்கிறார், கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் கையை அலமாரிக்கு நீட்டுகிறவரிடம் பொறுமையாக நீங்களே சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்குப் போனால் ஓஆர்எஸ் பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிற பெண்ணிடம் வலிப்புக்கு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. கார்பமசெபின் போன்றவை அந்த மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பேச்சைக் கவுண்டரில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டியதில்லை, ஓரமாகப் பேச இடம் கேளுங்கள். புகைப்பதை நிறுத்த தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மெல்லும் நிக்கோட்டின் பசை பற்றிக் கேட்கவும் அதே இடம் உதவும்.

சந்தேகமான சேவைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலை ஒரு கருவியில் வைத்து எலும்பின் வலுவைச் சொல்வது மேலோட்டமான ஒரு கணிப்புதான். எலும்புத் தேய்வை உறுதிசெய்ய, எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அந்தக் குதிகால் எண்ணை வைத்துக் கால்சியம் டப்பா விற்றால் யோசியுங்கள். ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவுகள் என்று நீளமான பட்டியல் தருகிற சோதனையை ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்பதில்லை. சிறு குழந்தைகளுக்கான இருமல், சளி சிரப்புகளால் பெரிய பலன் இருப்பதாக நல்ல ஆதாரம் இல்லை. பிரிட்டனில் 2009 முதல் 6 வயதுக்குக் கீழே அவற்றைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். விரலில் குத்திக் கொழுப்பு பார்ப்பது நடுவாந்திரம். தெரிந்துகொள்ளலாம், அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

கடைக்குப் போகவே கூடாத நேரங்கள் உண்டு. நெஞ்சில் அழுத்தம், முகம் ஒரு பக்கம் இழுப்பது, கை திடீரென்று வலுவிழப்பது, மூச்சு வாங்குவது, கறுப்பாக மலம் போவது, இதுவரை வராத அளவுக்குக் கடுமையான தலைவலி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். இதில் எதற்கும் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்று வாரம் தாண்டிய இருமல், காரணமில்லாமல் இளைப்பது போன்றவை அவசரமில்லை, ஆனாலும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. எங்களுக்கு அளந்து பார்க்கத் தெரியும், மருந்தைப் பற்றித் தெரியும். வயிற்றை அழுத்திப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது எங்கள் படிப்பு இல்லை. அம்மாவின் மருந்துகளில் எதைக் குறைக்கலாம் என்பதையும் அவரைப் பார்க்காமல், முடிவுகளைப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கடையில் கூட்டம் குறைந்த நேரம் எது என்று முதலில் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அம்மாவையும் மருந்துப் பையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா இல்லாமல் பை மட்டும் போனால், எதை உண்மையில் சாப்பிடுகிறார், எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது தெரியாது. ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதற்கு, எத்தனை நாளைக்கு, எதோடு சேர்க்கக் கூடாது. பதிலை மருந்தின் உட்பெயர் (கம்பெனிப் பெயர் இல்லை, உள்ளே இருக்கிற மருந்தின் பெயர்), அளவு, நேரம் என்று ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருக்கிற மருந்துக்கு நேரே பார்மசிஸ்டை ஒரு வரி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகலை அடுத்த முறை போகும்போது இரண்டு மருத்துவர்களிடமும் கொடுங்கள். காலாவதியானதும் தேவையில்லாததும் பையில் இருந்தால் கடையிலேயே திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால், உங்கள் பகுதியில் அவற்றை எங்கே ஒப்படைப்பது என்று அவர்களிடமே விசாரித்துக்கொள்ளுங்கள், கழிவறையில் கொட்டிவிடாதீர்கள்.